ஏழு வேலை நாட்கள்

விண்ணப்பம் எழுத வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் தேதியை விட்டுவிடுவார்கள். பெயர் எழுதுவார்கள், தகப்பன் பெயர் எழுதுவார்கள், சிலர் முழு வம்ச வரலாறே எழுதிவிடுவார்கள். எந்தத் தேதியில் கைது செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். தேதி இல்லாமல் கைதுப் பதிவைத் தேடுவது கடற்கரையில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவதுபோலத்தான். தோராயமாக மாதமாவது சொல்லுங்கள் என்று அவர்கள் வாயைப் பிடுங்கி வாங்குவதில் என் பாதி வேலை நேரம் போய்விடும்.

நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டது நல்லதாயிற்று. உங்கள் எழுத்தர் நல்ல பெண்தான். ஆனால் நான் சொல்லும் இரண்டு வாக்கியத்தை ஒரு வாக்கியமாக்கிவிடுகிறார். இருபத்திரண்டு வருடம் காவல் துறையின் நகல் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நான். தாளில் ஒன்று விடுபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பிரிவின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கைதுப் பதிவு என்பது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் யாருடைய பதிவையும் கேட்கலாம். சிறுவர்களுடையது கிடையாது, நீதிமன்றம் மூடி வைத்தது கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கக் கூடாது. அது சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வருவார்கள். ஆள் வேலைக்கு வைக்கிறவர்கள் வருவார்கள். ஒரு பெரியவர் தன்னுடைய பதிவையே வாங்கிக்கொண்டு போய்ச் சட்டம் போட்டு மாட்டினார், ஏதோ போராட்டத்தில் உள்ளே போனவராம். இன்னொரு அம்மாள் கணவனின் பதிவைக் கேட்டு வந்தாள். அன்று லாக்கப்பில் இருந்தேன் என்று அவன் சொன்னது நிஜமா, இல்லை வேறெங்காவது இருந்தானா என்று பார்க்க. நிஜமாகவே லாக்கப்பில்தான் இருந்திருக்கிறான். அவள் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் போனதை நான் மறக்கவே மாட்டேன்.

பதிவு இரண்டு தாளாக இருக்கும். முதல் தாளில் யாரை, எப்போது, எந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தார்கள் என்று இருக்கும். அது அன்றைக்கே எழுதப்படுவது. பிறகு என்ன ஆயிற்று, தண்டனையா, விடுதலையா, ஆள் மாறிப் பிடித்தார்களா என்பது இரண்டாவது தாள். முடிவுத் தாள் என்போம். அது வாரங்களோ வருடங்களோ கழித்து வந்து சேரும். அதனால் அது வேறு பீரோவில் இருக்கும். விண்ணப்பத்தின் ஆறாவது கட்டத்தில் 'முடிவுத் தாளும் வேண்டும்' என்று குறித்தால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். குறிக்காவிட்டால் முதல் தாள் மட்டும்தான். அந்தக் கட்டம் எறும்பு எழுத்தில் இருக்கும். யார் கண்ணிலும் படாது.

நான் எல்லோருக்கும் சொல்வேன். "ஆறாவதையும் குறிச்சிருங்க, இல்லன்னா பாதிக் கதைதான் கிடைக்கும்" என்று இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் வழியாகச் சொல்லிச் சொல்லி என் குரலே அந்த வாக்கியத்துக்குப் பழகிவிட்டது. பக்கத்து ஜன்னல்காரர் சொல்ல மாட்டார். அவரை முத்திரை என்று கூப்பிடுவோம். மேசை அதிர முத்திரை குத்துவார். "கேட்டதக் குடுக்கத்தான் நமக்குச் சம்பளம், நீ எதுக்கு ஊருக்கு உபதேசம் பண்றே" என்பார். வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் என் தங்கையிடம் சொல்வேன். அவள் சிரிப்பாள். ஆறாவது கட்டம் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

அவளுக்கும் எனக்கும் பதிமூன்று வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா கொஞ்ச நாள் இருந்தார், பிறகு வேறொரு குடும்பத்தில் இருந்தார். நான்தான் அவளுக்குத் தலை வாரினேன், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன், அவள் கையைப் பிடித்து எழுத்துப் பழக்கினேன். குட்டி என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு வயதாகியும் குட்டிதான். நில அளவைத் துறையில் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டார். தங்கையை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று சொன்னார். நான் அவரிடம் மூன்றாவது தடவை பேசவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு அவளோடு இருக்கப் பிடித்திருந்தது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, பால்கனியில் அவள் துண்டும் என் துண்டும். அவ்வளவு போதுமாக இருந்தது.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை செய்கிறாள். 'இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா' என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் என்னையும் கேட்டுக் கிண்டல் செய்வாள். எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கடைவாய்ப் பல் பிடுங்க விடுப்பு எடுத்தேன். திங்கட்கிழமை வந்து, நான் இல்லாத நாளின் விண்ணப்பக் கோப்பை எப்போதும்போலப் புரட்டினேன். அதில் ஒன்று என் தங்கையின் கையெழுத்தில் இருந்தது.

நான் இல்லாத நாளாகப் பார்த்து என் அலுவலகத்துக்கே வந்திருக்கிறாள். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, முத்திரையிடம் விண்ணப்பம் கொடுத்து, அவசரம் என்று சொல்லி அன்றைக்கே நகல் வாங்கிப் போயிருக்கிறாள். ஒரு ஆணின் பெயர். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி, நாள் பிசகாமல். ஆறாவது கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி. 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் உண்டு, விருப்பமிருந்தால் நிரப்பலாம், ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். அவள் நிரப்பியிருந்தாள். 'வருங்காலக் கணவர்.'

பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு நான் அதைப் படித்தேன். என் தங்கைக்குக் கல்யாணம் என்ற செய்தியை என் அலுவலகக் கோப்பிலிருந்து நான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு யாராவது கூடப் பிறந்தவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு வந்துச்சே, உன் ஜாடையா இருந்துச்சு" என்று முத்திரை சொன்னார். ஊரில் எத்தனையோ ஜாடை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிறகு அந்தப் பதிவை எடுத்துப் படித்தேன். முதல் தாள்: சிறுவர் கடத்தல் சந்தேகத்தில் கைது, ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றபோது பிடிபட்டார், பொதுமக்கள் தாக்கியதில் உதட்டில் காயம். இரண்டாவது தாள்: குழந்தை சந்தையில் வழி தவறியது, இவர் கண்டெடுத்து அதன் வீட்டைத் தேடி அழைத்துச் சென்றார், குழந்தையும் அப்படியே சொன்னது, இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டார், குற்றம் ஏதுமில்லை. கீழே ஒரு அதிகாரி தன் கையால் 'வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு தாளில்தான் நான் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அவர் நல்லவர் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டவுடன், இன்றைக்குச் சொல்வாள் என்று டீயை இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்காருவேன்.

"ஏதாச்சும் சொல்லணுமா குட்டி" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"ஒன்னுமில்லக்கா. கடையில கூட்டம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான்காவது வாரம் அவரையே வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். தண்ணீரில் போடும் மருந்தால் கண் எரிகிறது என்று கடைக்கு வந்து பழக்கமாம். ஒன்றரை வருடப் பழக்கம். அடுத்த மாதம் பதிவுத் திருமணம், குளத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாகிவிட்டது, எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் தகவல். அவர் கூச்சமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டு, ஸ்பேனர் இருக்கா என்று கேட்டு, பத்து நிமிடத்தில் சரி செய்து கொடுத்தார். இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது.

சும்மா இருக்க முடியாமல் தன் வேலையைப் பற்றிப் பேசினார். "வெல்டர் பையன் ஒருத்தன் வர்றான் அக்கா. தண்ணியப் பாத்தாலே நடுங்குவான். அவங்கப்பா கம்பிக்கு வெளியவே நிப்பாரு, பிள்ளைய விட்டு ஒரு நிமிஷம் கண்ண எடுக்க மாட்டாரு. இப்பப் பையன் மல்லாந்து மிதக்கிறான். அவரு கம்பியப் பிடிச்சிட்டு அழுறாரு" என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

அவரை வாசலில் வழியனுப்பிவிட்டு வந்த பிறகு, ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ விடமாட்டேக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு என் தோளில் கை வைத்து, "நீயும் இனி உன் வாழ்க்கையப் பாரு" என்றாள்.

எனக்கு அதற்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. அது அவள்தான். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, போய் உன் வாழ்க்கையைப் பார் என்றால் நான் எங்கே போய்ப் பார்ப்பது. இதற்குத் துரோகம் என்றுதான் பெயர். வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கும் அவளுக்குப் பிடித்த மாதிரி படுக்கை விரிப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் நான் படுத்தேன்.

வெல்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை எனக்கு முன்பே தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் என் ஜன்னலுக்கு வந்தவர். அவருடைய மூத்த மகளுக்கு வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவன் அவளிடம் தவறாக நடந்திருக்கிறான். கைது செய்தார்கள், வழக்கு நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டான். அந்த ஆளுக்கு அதற்கு முன்பே ஒரு கைதுப் பதிவு இருந்தது என்று பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. நகலை என்னிடம் வாங்கிக்கொண்டு ஜன்னலை விட்டு நகராமல் நின்றார்.

"இந்தக் காகிதம் முன்னாடியே என் கையில இருந்திருந்தா அவன் என் வாசப்படி ஏறியிருக்க மாட்டாம்மா" என்றார். "இன்னொரு தடவ இப்படி எவனாச்சும் என் பிள்ளைகிட்ட வந்தா, நான் கோர்ட்டு கேசுன்னு அலைய மாட்டேன்."

கையில் வெல்டிங் தழும்புகள் இருந்தன. கத்திச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நினைவில் நின்றது. கத்துகிறவர்கள் வெளியே போய் டீ குடித்ததும் மறந்துவிடுவார்கள்.

அவருடைய பழைய விண்ணப்பத்தில் தொலைபேசி எண் இருந்தது. அலுவலகத் தொலைபேசியிலிருந்தே கூப்பிட்டேன். ஒளிக்க எனக்கு எதுவும் இல்லை. உங்கள் மகன் நீச்சல் குளத்துக்குப் போகிறானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்தப் பயிற்சியாளரைப் பற்றி விசாரித்தீர்களா என்று கேட்டேன். மறுமுனையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி யாரிடமோ சொன்னார்.

"என்னம்மா சொல்றீங்க."

"நான் ஒன்னும் சொல்லல. யாரு வேணும்னாலும் விண்ணப்பம் குடுக்கலாம். தேதி நான் தர்றேன்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ், எழுத முடியவில்லை. முடியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பது வழக்கம், அவருக்கும் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், தேதி. ஆறாவது கட்டத்துக்கு வந்தபோது பேனாவைத் தூக்கி, ஏழாவதில் வைத்தேன். அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

வழக்கமாக நகலுக்கு மூன்று நாள் ஆகும். விதிப்படி ஏழு வேலை நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவருக்கு உடனே கொடுத்தேன். படித்தார். உதடு அசைய இரண்டு தடவை படித்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்.

"இதுக்கப்புறம் என்னாச்சும்மா? தண்டன குடுத்தாங்களா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டார். அதை நான் மறைக்கப் போவதில்லை. கேட்கவே கேட்காமல் போயிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தத் தாள்ல இருக்கிறதத்தான் நான் சொல்ல முடியும்" என்றேன்.

இது பொய் இல்லை. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை, அடியில் இருந்த முத்திரையும் உண்மை. இருபத்திரண்டு வருடத்தில் நான் பொய்யான நகல் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. நீங்கள் கோப்புகளை எல்லாம் சோதித்துப் பார்க்கலாம். அவர் போன பிறகு உள்ளே போய், பீரோவிலிருந்து முடிவுத் தாளை எடுத்து என் மேசை இழுப்பறையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த நகல் குளத்தின் வாசல் கதவில் ஒட்டப்பட்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மறுநாள் எல்லாப் பெற்றோர் கைப்பேசியிலும் அதன் படம் இருந்தது. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீடு கொடுப்பதாக இருந்தவர் மாட்டேன் என்றார். என் தங்கை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். கல்யாணத்தை ஒத்திப்போடலாம் என்று அவளே சொன்னாள்.

இத்தோடு எல்லாம் நின்றிருந்தால் இந்தத் தாளை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை பத்தரைக்கு அவள் என் ஜன்னலில் நின்றாள். இந்தத் தடவை என் ஜன்னல். டோக்கன் வாங்கித்தான் வந்தாள்.

"அக்கா, அந்த ரெண்டாவது தாள் வேணும். முத்திர போட்டு. அதக் காட்டினா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க."

"உன்கிட்டத்தான் ஒரு நகல் இருக்கே" என்றேன். அவள் வந்து போனது எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்தது.

"கிழிச்சுப் போட்டுட்டோம்க்கா. கல்யாணம் பேசின ரெண்டாம் நாளே எல்லாத்தையும் அவரே சொல்லிட்டாரு. நீயே போய்ப் பாத்துக்கோன்னு தேதியும் அவருதான் குடுத்தாரு. படிச்சிட்டு, முடிஞ்ச கதைன்னு ரெண்டு பேரும் சேந்து கிழிச்சுப் போட்டோம். அவருகிட்ட இருந்ததும் வீடு மாத்துறப்பத் தொலஞ்சு போச்சு. சொல்லாம வந்தது தப்புதான்க்கா. என்ன எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப இதக் குடு."

அவளிடம் விண்ணப்பத்தை வாங்கினேன். ரசீது எழுதினேன். ஏழு வேலை நாட்கள் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஜன்னல் வழியாகத் தள்ளினேன்.

"அக்கா, நான் குட்டி."

"விதின்னு ஒன்னு இருக்கு. பீரோவுல பாத்தேன், அந்தத் தாள் அங்க இல்ல. தேடணும்" என்றேன். அதுவும் பொய் இல்லை. பீரோவில் இல்லைதான். முத்திரை பாவம், அவளுக்காக மூன்று நாள் பழைய பீரோக்களை எல்லாம் தூசி பறக்கக் குடைந்தார். மதியம் நான் டப்பாவை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைப்பேன்.

நீங்கள் கேட்பீர்கள், இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ அதைக் கொடுத்திருக்கலாமே என்று. கொடுத்திருக்கலாம். அந்த நாட்களில் அவள் எங்கும் போகவில்லை. வேலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், என்னிடம்தான் யோசனை கேட்டாள். ஒன்றரை வருடமாக எனக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் திரும்பவும் என்னிடம் கேட்டாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாவது நாள் மதியம் அவர் குளத்துக்குப் போனார். என் தங்கை போக வேண்டாம் என்று சொன்னாளாம். வெல்டரிடம் நேரில் பேசினால் புரிந்துகொள்வார், பையனை மிதக்க வைத்தவன் நான் இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனாராம். குளத்து வாசலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் வெல்டர். என்ன பேசினார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெல்டர் கம்பியைச் சுற்றி வந்து, தான் கொண்டுவந்திருந்த இரும்புக் குழாயால் அவர் தலையில் மூன்று தடவை அடித்தார். அடித்துவிட்டு ஓடவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறாவது நாள் காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. தங்கையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். மருத்துவர் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார். மதியத்துக்கு மேல் அலுவலகம் போய், முடிவுத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து, பீரோவில் அதன் இடத்தில் வைத்தேன். வெல்டரின் கைதுப் பதிவு அன்று என் மேசைக்கு வந்தது. முதல் தாள் மட்டும். வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

ஏழாவது நாள் அவள் ரசீதோடு வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலைகூட வாரவில்லை. நகலைக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது முத்திரை எட்டிப் பார்த்து, "இது எங்க கிடச்சுது? நேத்துக் காலைல வரைக்கும் பீரோவுல இல்லையே" என்றார். அந்த ஆளுக்கு இருபது வருடமாக மேசை அதிரக் குத்தத்தான் தெரியும், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

யார் என்ன பதிவு கேட்டார்கள் என்பதும் பொதுச் சொத்துதான். அதற்கு ஏழு நாள் கிடையாது. விண்ணப்பக் கோப்பை ஜன்னலிலேயே வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். அவள் கேட்டாள். முத்திரை என்னைப் பார்த்தார், பிறகு கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வெல்டரின் விண்ணப்பம் என் எழுத்தில் இருந்தது. அவளுக்கு அந்த எழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்து ஆறாவது கட்டம்வரை மெதுவாக வந்தாள். அங்கே நிறுத்தினாள். அப்படியே வெளியே போய், உங்கள் அலுவலகப் படி ஏறினாள்.

என்னை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பது தெரிகிறது. நான் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை. ஒரு குடிமகன் கேட்ட நகலைக் கொடுத்தேன், இன்னொருவர் கேட்ட நகலை விதித்த கெடுவுக்குள் கொடுத்தேன். அலுவலக விதிப்படி பார்த்தால் ஒரு தாளை இடம் மாற்றி வைத்தது மட்டும்தான் குற்றம். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள்.

உங்கள் வேலையைச் சுலபமாக்கும் ஒன்றைச் சொல்கிறேன். வெல்டர் என்ன செய்வார் என்று தெரியாது என்று நேற்றுச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பட்டியல் அங்கேயே அறிவிப்புப் பலகையில் இருந்தது, முப்பத்தொரு பேர். அவர்களில் யாரெல்லாம் எங்கள் பிரிவுக்கு எப்போதாவது வந்திருக்கிறார்கள் என்று மூன்று நாள் பழைய கோப்புகளைப் பார்த்தேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. நிதானமானவர், எதையும் நாலு தடவை விசாரிப்பவர், ஆறாவது கட்டத்தைத் தானாகவே குறித்தவர். அவரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரம் கசமுசா என்று பேசிவிட்டு விட்டிருப்பார்கள். அவருடைய தாளை ஒதுக்கி வைத்துவிட்டு வெல்டருடைய எண்ணைச் சுழற்றினேன். பயிற்சியாளருக்கு வேலை மட்டும் போயிருந்தால், வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு அவரும் குட்டியுமாகப் போயிருப்பார்கள். அவர் உயிரோடு இல்லாமலே போக வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துதான் செய்தேன். இதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

நேற்று அவள் இங்கே வந்தாள். நீங்கள்தான் அனுமதித்தீர்கள். எதிரில் உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது மட்டும், "இனிமே எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்றாள்.

துக்கத்தில் பேசுகிறாள். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலும் கோபம் வந்தால் இப்படித்தான் சொல்வாள், அரை மணி நேரத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள். எனக்கு எத்தனை வருடம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. எத்தனையானாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். நான் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.